இரண்டாம் தரம் வேண்டி

அடைக்கலசாமி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். சர்க்கார் ஆபீசுக்குள் நின்றுகொண்டு யாராவது அப்படிச் செய்வார்களா என்று அவர் மனைவி செலின் பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டாள். கேட்டு என்ன பயன்? சொன்னது சொன்னதுதான். போதாக்குறைக்கு அதை எழுதியும் வைத்துவிட்டார்கள்.

அப்போது ஜங்கிலிகாட் கரையில் அடைக்கலசாமியின் புது வள்ளம் கிட்டத்தட்டத் தயாராக நின்றது. மணப்பாட்டிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து ஷாதிபூரில் வீடு பிடித்த குடும்பம். அப்பா காலத்து வள்ளம் இற்றுப்போனதால் அதைப் பிரித்தாகிவிட்டது. புதியதற்குக் காட்டிலாகா முத்திரை குத்திய மரம் வந்தது, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் பாய்த்துணி வந்தது, வரவேண்டிய மழையும் வந்து போய்விட்டது. பாய்மரத்தை நட்டுக் கடலில் தள்ள வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் படகுப் பதிவு ஆபீசில் ஒரு எண் வாங்க வேண்டும்.

அங்கே கிளார்க்காக இருந்தவர் ராஜமாணிக்கம். திருச்சிப் பக்கத்துக்காரர். ஊரிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த கப்பல் பயணத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு கடலைக் காகிதத்தில் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தார்.

"வள்ளத்துல நிரந்தரமாப் பொருத்துற சாமான் என்னென்னன்னு ஒண்ணு விடாம சொல்லு அடைக்கலம்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அடிக்கட்டையில் ஆரம்பித்து சுக்கானில் முடித்திருப்பார்கள். அடைக்கலசாமி யோசித்து, நியாயமான வரிசையில் சொன்னார்.

"மொதல்ல காசு."

"காசா?"

"ஆமா கிளார்க்கய்யா. பாய்மரம் நிக்குத குழியில காசு போட்டுட்டுத்தான் மரத்த நடணும். மரம் நின்ன பொறவு, வள்ளம் பிரியுத மட்டுக்கும் அந்தக் காச யாரும் எடுக்கக் கூடாது. எங்க தாத்தா வள்ளத்துல கெடந்த காசு. அப்பா வள்ளத்துலயும் அதான் கெடந்துச்சு. இப்ப எனக்கு வந்திருக்கு."

ராஜமாணிக்கத்தின் பேனா கொஞ்சம் தயங்கியது. எழுதாமல் விட்டதற்காகச் சிக்கலில் மாட்டியவர்களை அவர் பார்த்திருக்கிறார். எழுதியதற்காக மாட்டியவர் யாரும் கிடையாது. ஆகவே 'செம்புக் காசு, பழையது, ஒன்று' என்று எழுதினார். எழுதியதைத் தானே படித்தபோதுதான் அவருக்கு முகம் மாறியது.

"பொருத்துற சாமான் எல்லாத்துக்கும் தரச் சான்று வேணுமே. மரத்துக்கு இருக்கு. துணிக்கு இருக்கு. காசுக்கு எங்க?"

"காசுல சர்க்கார் முத்திரையே இருக்குமே ஐயா."

"எந்த சர்க்கார்?"

அது அடைக்கலசாமிக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது. கீலும் எண்ணெயும் ஏறி, கறுத்து, வழுவழுவென்று தேய்ந்துபோன காசு. அதன் இடம் இருட்டுக்குள் இருந்ததால் முகம் பார்த்தவர் யாரும் இல்லை. அது கிடந்த வள்ளங்கள் எந்தக் காற்றிலும் கரைக்குத் திரும்பி வந்தன, அவ்வளவுதான் அதைப்பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

"அப்ப அத அடிச்சிருங்க கிளார்க்கய்யா. நான் சொல்லவே இல்லன்னு வச்சுக்கிடுங்க."

"எழுதத்தான் எனக்கு அதிகாரம். அடிக்கிறதுக்கு மேல கேக்கணும். மேலன்னா மெயின்லேண்டு." ராஜமாணிக்கம் இரக்கத்தோடு சொன்னார். "காசுக்குச் சான்று குடுக்க இங்கயே போர்ட் பிளேர்ல, டாலிகஞ்சுல ஒரு ஆபீஸ் இருக்கு. போய் சான்று வாங்கிட்டு வா."

உண்மையிலேயே அப்படி ஒரு ஆபீஸ் இருந்தது. 'தீவுகள் பழங்காசுத் தர நிர்ணய அலுவலகம்' என்று மூன்று மொழிகளில் பலகை. எல்லா மாநிலங்களிலும் இந்த ஆபீஸ் உண்டா என்று மேலே எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்களாம். அந்தமானில் மட்டும் இல்லை என்று தெரிந்து, அந்தக் குறையை உடனே தீர்த்தார்கள். அதிகாரி வந்தார், பியூன் வந்தார், பூதக்கண்ணாடியும் தராசும் அரக்கும் கண்ணாடிப் பெட்டிகளும் வந்தன. பழங்காசுதான் வரவில்லை. இந்தத் தீவுகளில் குடியேறியவர்கள் தகரப்பெட்டியும் பிள்ளைகுட்டியுமாக வந்தவர்கள். அதற்கு முன்னால் கொண்டுவரப்பட்டவர்கள் விலங்கோடு வந்தவர்கள். காசோடு யார் வந்தார்கள்?

ஆகவே அடைக்கலசாமி மடியிலிருந்து, வெற்றிலைச் சருகுக்கு நடுவிலிருந்து, அந்தக் காசை எடுத்து மேஜையில் வைத்தபோது அதிகாரி பாலசுப்பிரமணியம் எழுந்து நின்றுவிட்டார்.

"ஹல்தார்! ஜன்னலைச் சாத்து. காத்து பட்டா தேயும்."

பியூன் ஹல்தார் வங்காளத்திலிருந்து குடியேறியவர். பூதக்கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதுவரை அவருடைய வேலை. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். இருவரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக உப்புத் தண்ணீரில் கிடந்த காசின்மேல் மூச்சு விட வேண்டாம் என்று அடைக்கலசாமி கேட்டுக்கொள்ளப்பட்டார். அவரும் முடிந்தவரை விடாமல் நின்றார்.

தரம் முடிவாகச் சில வாரங்கள் பிடித்தன. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஹல்தார் வாசலிலேயே மறித்து, "சாப் ஜாஞ்ச் கர் ரஹா ஹை. சோதனை சல்தா ஹை. கல் ஆனா" என்று நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். கடைசியில் சான்று வந்தது. மூன்றாம் தரம். காரணங்கள்: முகம் தெரியவில்லை. ஓரம் தேய்ந்துள்ளது. மீன் வாசனை உள்ளது.

அடைக்கலசாமிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மீன் வாசனை இல்லாத காசை வைத்து அவர் என்ன செய்யப் போகிறார்? காசையும் சான்றையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் படகுப் பதிவு ஆபீசுக்குப் போனார்.

ராஜமாணிக்கம் உதட்டைப் பிதுக்கினார். "மூணாந்தர சாமான் பொருத்தினா வள்ளமும் மூணாந்தரம். மூணாந்தர வள்ளம் துறைமுகத்துக்குள்ளயே சுத்தலாம். வெளியில போகக் கூடாது."

"துறைமுகத்துக்குள்ள மீன் இல்லியே ஐயா."

"அது மீன் டிபார்ட்மெண்ட்ல கேக்க வேண்டிய கேள்வி. குறைஞ்சது ரெண்டாந்தரம் வேணும். மறுபடி குடுத்துப் பாரு, மறுசோதனைக்கு வழி இருக்கு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் செலின் தலையில் அடித்துக்கொண்டாள். "கறுப்பா பிசுபிசுன்னு கொண்டுட்டுப் போனா எவன் மதிப்பான்? பெரிய மனுசனப் பாக்கப் போறதுக்கு முன்ன மூஞ்சி கழுவ வேண்டாமா? குடுங்க இங்க."

புளி, சாம்பல், தேங்காய் நார். கோயில் திருவிழாவுக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற வேகத்தில் தேய்த்தாள். பழங்காசைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அதன் மதிப்பே போய்விடும் என்று உலகத்தில் காசு சேர்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியுமாம். செலினுக்கு அவர்களில் யாரையும் தெரியாது. மறுநாள் காலையில் காசு பளபளவென்று இருந்தது. புதிதாகச் சில கீறல்களும் இருந்தன.

அந்த இடைவெளியில் மெயின்லேண்டிலிருந்து வந்த கப்பல் டாலிகஞ்சுக்கு ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தது. முதல் தரப் பொருள் ஒன்றுகூட இல்லாத தர நிர்ணய அலுவலகத்தை மூடிவிடலாமா என்று அதில் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

பாலசுப்பிரமணியம் காசைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார்.

"அடைக்கலசாமி, இதுல ஒரு ராஜா இருக்கான்."

"எங்கய்யா?"

"இதோ, மீசையைப் பாருங்க."

"அது செலின் போட்டதுங்க."

"செலினா? எந்த வம்சம்?"

"மணப்பாட்டு வம்சம். எம் பெஞ்சாதி. நேத்து நார வச்சுத் தேச்சா."

பாலசுப்பிரமணியத்துக்கு அது காதில் விழவில்லை. தனக்கு வேண்டாதது காதில் விழாமல் இருப்பது அந்த வேலைக்கு முக்கியமான தகுதி. ஹல்தாரும் குனிந்து பார்த்து, "ஹாத்தி ஹை சாப்" என்றார். காட்டிலாகா யானைகள் மரம் இழுக்கும் பாதைக்கு அருகில் குடியிருப்பவர். அவருக்கு எங்கே பார்த்தாலும் யானைதான். ராஜாவா யானையா என்று சற்று நேரம் ஆலோசித்து, யானைமேல் ராஜா என்று இருவரும் சமாதானமானார்கள். அன்று மாலைக்குள் முடிவு எழுதப்பட்டது. முதல் தரம்.

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்று அடைக்கலசாமி கையை நீட்டினார்.

ஹல்தார் காசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் அரக்கை உருக்கி ஊற்றினார்.

"முதல் தரப் பொருளைத் தனியார் கையில குடுக்கக் கூடாது" என்றார் பாலசுப்பிரமணியம். "அதுவும் கடலுக்குக் கொண்டு போகவே கூடாது. இது இப்ப தேசத்துச் சொத்து. வாழ்த்துக்கள்."

அடைக்கலசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோதும் நீட்டிய கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஐயா, மூணாந்தரம்னா கடல்ல விட மாட்டேங்காங்க. மொதத்தரம்னா நீங்க குடுக்க மாட்டேங்கீக. எனக்கு நடுவுல உள்ளதுதான் வேணும். ரெண்டாந்தரம் ஒண்ணு போட்டுக் குடுத்திருங்க."

பாலசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

"இந்தத் தேசத்துல தரத்தைக் குறைக்கச் சொல்லி இதுவரைக்கும் எவனும் மனுப் போட்டதில்ல. உங்களுக்கு எப்படி மனசு வருது? நான் சர்வீஸ்ல சேர்ந்த நாள்லருந்து மூணாம் வகுப்பு ஊழியன். என்கூடச் சேர்ந்தவன் எல்லாம் ரெண்டாம் வகுப்பு ஆயிட்டான். இந்தக் காசு முதல் தரமா இருந்தாத்தான் நான் ரெண்டாம் வகுப்புக்குப் போக முடியும். நீங்க என்னடான்னா மீன் பிடிக்கணும், பொழைக்கணும்னு உங்க சுயநலத்தையே பாக்குறீங்க. நாட்டைப் பத்தி யார் நினைக்கிறது?"

அடைக்கலசாமி கரைக்கு வந்தபோது வள்ளத்தின் நிழலில் அவருடைய மைத்துனர் வேதநாயகம் உட்கார்ந்திருந்தார். செலினின் அண்ணன். அடைக்கலசாமியின் அப்பா காலத்திலிருந்தே வள்ளத்தில் சுக்கான் பிடிப்பவர். அவர் பலகையைத் தொட்டுக் காட்டினார். தண்ணீர் பார்க்காமல் வெயிலில் கிடந்ததில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட ஆரம்பித்திருந்தது.

"நம்ம வள்ளத்துப் பயலுவ கட்சால் தீவுக்குப் போறோங்கானுவ மாப்ள" என்றார். "அங்க ரப்பர் தோட்டத்துல ஆள் எடுக்காவளாம். மரத்துக்குக் கீழ காசு வைக்க வேண்டாமாம், மரமே பால் குடுக்குமாம்."

"நீரும் போறீரா மச்சான்?"

"நான் எங்க போவேன்? ஆனா ஒண்ணு. வெறுங்குழியில நட்ட மரத்துக்குக் கீழ நான் உக்கார மாட்டேன். வேற காசு போடலாம்னும் சொல்லாதீரும். உங்கப்பா இருந்தப்ப ஒரு புயல்ல நாங்க எல்லாரும் செத்தோம்னு நெனச்சோம். பாய் கிழிஞ்சு போச்சு, சுக்கான் போச்சு. மரம் மட்டும் நின்னுச்சு. அந்த மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் கரை சேந்தோம். அதுக்குக் கீழ எது கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

ஆட்கள் போய்விட்டால் வள்ளம் இல்லை. வள்ளம் இல்லாவிட்டால் அடைக்கலசாமியும் ரப்பருக்கோ மர மில்லுக்கோ போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒரு நல்ல காசு தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவரும் என்று அவர் நினைத்ததே இல்லை. காசின்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அதைக் கண்ணாடிக்குள் வைத்தவர்கள்மேல்தான் வந்தது.

தரக் குறைப்பு கோரி மறுபடியும் மனுக் கொடுத்தார். பாலசுப்பிரமணியம் அதை மறுக்கவில்லை. மனுவைப் பெறும் உரிமையை மக்களிடமிருந்து பறிக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் ஒரு சிக்கல்.

"மறுசோதனைன்னா பொருளோட நேர்ல வரணும். பொருள் எங்க?"

"உங்க மேசையில இருக்குல்லா?"

"அது எங்க பொருளா இருக்கு. நீங்க கொண்டுவந்த பொருளா இல்லையே. பொருள் இல்லாம மனுவை ஏத்துக்க முடியாது."

"அப்ப குடுங்க. கொண்டுட்டு வாரேன்."

"குடுக்க விதி இல்லை."

வழி கண்டுபிடித்தது ஹல்தார்தான். பெட்டியைக் கையில் ஏந்தி அவர் பின்வாசல் வழியாக வெளியே போனார். அடைக்கலசாமி பெட்டியின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். இருவரும் கட்டடத்தைச் சுற்றி, கோழிகளை விரட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். பாலசுப்பிரமணியம் தலைநிமிர்ந்து பார்த்து, "வாங்க, என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார்.

சாட்சியும் கேட்டார்கள். வேதநாயகம் வந்து, "ஐயா, இது சுத்தப் பிரயோசனமில்லாத காசு. இத வச்சு ஒரு வெத்தல வாங்க முடியாது" என்று நெஞ்சில் சிலுவை போட்டுச் சொன்னார். சொன்னவருக்கு உள்ளுக்குள் உயிர் போனது. பிற்பாடு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் சரியாகிவிடும் என்று தைரியம் சொல்லித்தான் அடைக்கலசாமி அவரைக் கூட்டிவந்திருந்தார். பாலசுப்பிரமணியம் அதையும் எழுதிக்கொண்டார். எதற்கும் பயன்படாத தன்மை முழுமையாக இருப்பது அரும்பொருளின் உயர்ந்த அடையாளம் என்று முடிவு வந்தது. முதல் தரம், மறுசோதனையிலும் உறுதி. இப்போது அது இரண்டு தடவை முதல் தரம். அரக்கும் இரண்டு தடவை ஊற்றப்பட்டது.

அதற்கப்புறம்தான் விழா. மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி கிருஷ்ணமூர்த்தி கப்பலில் வந்து இறங்கினார். டாலிகஞ்ச் ஆபீஸ் முன்னால் தார்ப்பாயில் பந்தல் போட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. படகுப் பதிவு ஆபீசிலிருந்து ராஜமாணிக்கமும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடைக்கலசாமிக்கும் அழைப்பு. செலின் சலவை வேட்டியும் சட்டையும் எடுத்துக் கொடுத்தாள். மேடையில் அவருக்கென்று போட்ட நாற்காலியின் முதுகில் ஒரு அட்டை தொங்கியது. 'முன்னாள் உரிமையாளர்.'

அதைத் தனக்குப் படித்துச் சொல்லும்படி அடைக்கலசாமி ராஜமாணிக்கத்தைக் கேட்டார். அவர் படித்துச் சொன்னார். அடைக்கலசாமி போய் அதில் உட்கார்ந்தார். யாராவது அவர் முகத்தைக் கவனித்திருந்தால் அப்போதே விழாவைத் தள்ளி வைத்திருப்பார்கள்.

கிருஷ்ணமூர்த்தி பேசினார். "நண்பர்களே! நேற்றுவரை இந்தக் காசு ஒரு சாதாரண வள்ளத்தின் அடியில் கிடந்து உழைத்துக்கொண்டிருந்தது. இனிமேல் இதை யாரும் தொட மாட்டார்கள். யாருக்கும் இது பயன்படாது. இந்த நிலைக்கு ஒரு பொருளை உயர்த்துவது சாதாரண வேலை அல்ல. அதற்குப் பல அதிகாரிகள் பாடுபட வேண்டும். நானே என் முப்பது வருஷ சர்வீசில் எந்த ஒரு பொருளையும் பயன்படும் நிலையில் விட்டுவைத்ததில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பலத்த கைதட்டல். பாலசுப்பிரமணியத்துக்குக் கண்ணில் நீர். அடைக்கலசாமிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவரும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அடைக்கலசாமி எழுந்தார். சால்வையை எடுத்து மடித்து நாற்காலியில், அந்த அட்டையின்மேல் போட்டார். நேரே கண்ணாடிப் பெட்டியிடம் போய், வள்ளத்தில் நங்கூரம் தூக்குகிற கையால் மூடியைப் பிடித்து இழுத்தார். இரண்டு தடவை ஊற்றிய அரக்கு ஒரே தடவையில் பிளந்துகொண்டு வந்தது. காசை எடுத்தார். கையில் வைத்திருந்தால் பிடுங்குவார்கள். மடியில் வைத்தால் தடவுவார்கள். அவர் அதை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, ஜங்கிலிகாட் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

பாலசுப்பிரமணியம் விதிப் புத்தகத்தோடு பின்னால் ஓடினார். அவர் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு ஹல்தார். அவர்களுக்குப் பின்னால் நடையின் வேகத்தில் கிருஷ்ணமூர்த்தியின் ஜீப். ஜீப்புக்குப் பின்னால் விழாவுக்கு வந்த கூட்டம்.

"முதல் தரப் பொருளை முத்திரை உடைத்து எடுத்தது ஏன்?" என்று பாலசுப்பிரமணியம் மூச்சுவாங்கப் படித்துக் கேட்டார். பதில் இல்லை. "வாயில் வைத்ததால் ஏற்பட்ட ஈரத்துக்கு யார் பொறுப்பு?" பதில் இல்லை. "பதில் சொல்லத் தவறினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்." அடைக்கலசாமி கன்னத்தை மாற்றிக்கொண்டார்.

வழியில் நின்றவர்கள் இது எந்தக் கட்சி ஊர்வலம் என்று விசாரித்தார்கள். சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று சேர்ந்துகொண்டார்கள்.

ஷாதிபூர் முனையில் செலின் வந்து கலந்துகொண்டாள். புருஷனின் உப்பிய கன்னத்தைப் பார்த்தவுடனே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்கி வழிமறித்த கிருஷ்ணமூர்த்தியிடம் அவளே பேசினாள்.

"அவருக்கு வாயில வேல இருக்கு. என்ன கேக்கணுமோ எங்கிட்ட கேளுங்க."

"அரசாங்கச் சொத்து அது. உடனே துப்பச் சொல்லும்மா. இல்லைன்னா ஆளைப் பிடிச்சு வாயைத் திறக்க வேண்டியிருக்கும்."

"தாராளமா பிடிங்க. பிடிச்சா பயத்துல முழுங்கிருவாரு. அப்பொறம் அது வார வழியில நீங்கதான் கண்ணாடிப் பெட்டியோட காத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு என்ன தரம்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கா?"

பாலசுப்பிரமணியம் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். போட்டிருக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி விழாவுக்காக மாட்டியிருந்த வெள்ளைக் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஜீப்பில் ஏறினார். ஊர்வலம் நகர்ந்தது.

கரையில் வேதநாயகமும் ஆட்களும் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். கட்சால் கப்பல் மறுநாள். கூட்டத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தவர்கள், முன்னால் வருகிறவரின் கன்னத்தைப் பார்த்தார்கள். பாய்மரத்தைத் தோளில் ஏற்றினார்கள்.

அடைக்கலசாமி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வள்ளத்துக்குள் ஏறினார். குழிக்கு மேலே குனிந்து, கையால் தொடாமல், வாயிலிருந்து காசை உள்ளே விட்டார். 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம். வேதநாயகம் சிலுவை போட்டுக்கொண்டார். ஆட்கள் தூக்கினார்கள், மரம் எழுந்தது, ஒரு தடவை சாய்ந்து, பின் குழிக்குள் இறங்கி நேராக நின்றது. அடைக்கலசாமிக்கு அழுகை வந்தது. அத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் அழ அவருக்கு இஷ்டமில்லை. திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராஜமாணிக்கம் கடலைப் பார்க்காமல், கூட்டத்துக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தார். "அடைக்கலம், எண் குடுக்காம வள்ளத்த எறக்கக் கூடாது!"

"நீரே வச்சுக்கிடும் கிளார்க்கய்யா" என்றார் அடைக்கலசாமி. டாலிகஞ்சிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பாலசுப்பிரமணியம் அலையில் கணுக்கால்வரை இறங்கி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புத்தகம் நனைந்துகொண்டிருந்தது.

"மரத்தை எடுங்க! ஒரு நிமிஷம் தூக்கினா போதும், காசை எடுத்துக்கறேன். ரெண்டாந்தரம் தானே கேட்டீங்க? இப்பவே இங்கயே எழுதித் தர்றேன். முத்திரையும் போட்டுத் தர்றேன், பெரிய சாப் பாக்கட்டும்."

அடைக்கலசாமிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மரத்தின்மேல் வைத்திருந்த கையை அவர் எடுக்கவில்லை.

"வள்ளம் பிரியுத அன்னிக்கு வாரும் சாப். உம்ம கையிலயே தாரேன்."

"எப்பப் பிரியும்?"

"எங்கப்பா போய்ச் சேருத மட்டுக்கும் அவரு வள்ளம் பிரியல" என்றார் அடைக்கலசாமி. "இப்பக் கைய எடும். தள்ளுங்கடே!"